லூமென் பின்னால் ஓடாதீர்கள்: ஆக்‌ஷன் கேமராவுக்கான கடலடி விளக்கும் பிடியும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டான அலிவால் ஷோலில் நான் எடுத்த முதல் வீடியோவை வீட்டு டிவியில் போட்டபோது பக்கத்து வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தார். டர்பனில் பிறந்து வளர்ந்தவர், நாலு தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்த குடும்பம், தமிழ் பாதிதான் வரும், ஆனால் கேலி செய்ய மட்டும் எங்கிருந்தோ முழுத் தமிழும் வந்துவிடும். திரையில் நீலமும் சாம்பலுமாகக் கஞ்சி மாதிரி ஏதோ ஓடுகிறது, அதற்கு முன்னால் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள் பறக்கின்றன. "என்ன தம்பி, கடலுக்குள்ளே மழை பெய்யுதா?" என்றார். அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் ஒரு ஆமை இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இத்தனைக்கும் விளக்கு விஷயத்தில் நான் கஞ்சத்தனம் செய்யவில்லை. பெட்டியில் 5000 லூமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததைத்தான் வாங்கினேன், கேமராவுக்கு நேர் மேலே திருகி, பட்டனை அழுத்தி, நேராக ஆமையைப் பார்த்துப் பிடித்தேன். தப்பு விளக்கில் இல்லை, அது உட்கார்ந்திருந்த இடத்தில். அதனால் இப்போது யாராவது "எந்த லைட் வாங்கலாம்?" என்று கேட்டால், "எதில் மாட்டப் போகிறீர்கள்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். கையில் இருக்கும் பணத்தில் முதலில் நல்ல டிரேயும் (கேமராவை உட்கார வைத்துப் பிடிக்கும் தட்டு) ஆர்மும் (விளக்கைத் தாங்கும் கை) வாங்குங்கள், மிச்சத்தில் விளக்கு வாங்குங்கள். கடைக்காரர் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்.

முதலில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம்

இது தெரியாமல் எதை வாங்கினாலும் வீண் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தண்ணீர் வெளிச்சத்தைத் தின்னும், அதுவும் எல்லா நிறத்தையும் ஒரே வேகத்தில் தின்னாது. முதலில் போவது சிவப்பு. ஐந்து மீட்டரிலேயே மங்கிவிடும், பத்து மீட்டருக்குள் பெரும்பாலும் காணாமல் போய்விடும். அப்புறம் ஆரஞ்சு, அதற்கும் கீழே மஞ்சள். மிஞ்சுவது பச்சையும் நீலமும்தான். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் சமயத்தில் திருவிழா நடக்கும் இல்லையா, அங்கே போய்வந்து கட்டிய சிவப்புக் கயிறு ஒருமுறை என் மணிக்கட்டில் இருந்தது. பதினைந்து மீட்டரில் குனிந்து பார்த்தால் கறுப்புக் கயிறு! டார்ச்சைக் காட்டினேன், குங்குமமாய்ச் சிவந்தது. கடலடி விளக்கு எதற்கு என்று யாருக்காவது விளக்க வேண்டுமானால் அந்தக் கயிறு போதும்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நிறம் போவது ஆழத்தால் மட்டுமல்ல, வெளிச்சம் தண்ணீருக்குள் நடக்கும் மொத்தத் தூரத்தால். உங்கள் விளக்கிலிருந்து கிளம்பிய வெளிச்சம் மீன் வரை போக வேண்டும், பட்டுத் திரும்பி லென்ஸுக்கு வர வேண்டும். மீன் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் போக வர நாலு மீட்டர், அதாவது உங்கள் விளக்கின் சிவப்பே வழியில் நிறையக் கரைந்துவிட்டது. கூடவே, தூரம் இரண்டு மடங்கானால் மேலே விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான், அது காற்றிலேயே உள்ள கணக்கு, தண்ணீரில் அதைவிட மோசம். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: வெளிச்சம் எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க நாலு மடங்கு லூமென் போதாது. 2000 லூமென் விளக்கு ஒரு மீட்டரில் செய்யும் வேலையை இரண்டு மீட்டரில் செய்ய 8000 லூமெனுக்கும் மேலே வேண்டும், அந்த எடையையும் விலையையும் சுமந்து அரை அடி அரை அடியாகத்தான் முன்னேறுவீர்கள். அதற்குப் பதில் காலில் மாட்டிய துடுப்பை இரண்டு முறை அசைத்துக் கிட்டே போனால் காசு செலவில்லை.

ஆகவே, ஆக்‌ஷன் கேமரா விளக்குகள் உண்மையில் வேலை செய்வது ஒரு மீட்டருக்குள், தண்ணீர் நல்ல தெளிவாக இருந்தால் ஒன்றரை. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் சூரியன் பொறுப்பு. ஷோலின் பெரிய பாறைச் சரிவு, சார்டின் கூட்டம், நீலத்தில் கடந்து போகும் பிளாக்டிப் சுறா, இவற்றுக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். நீலத் தண்ணீருக்குச் சிவப்பு ஃபில்டர், பச்சைத் தண்ணீருக்கு மெஜந்தா ஃபில்டர், அதுவும் சுமார் ஐந்திலிருந்து இருபது மீட்டர் வரைக்கும்தான், அதற்குக் கீழே ஃபில்டர் மிச்சமிருக்கும் வெளிச்சத்தையும் வெட்டிவிடும். ஃபில்டரையும் விளக்கையும் மட்டும் ஒன்றாகப் போடாதீர்கள். கிட்டே இருக்கும் மீன் செங்கல் நிறத்தில் வரும், பின்னால் உள்ள தண்ணீர் ஒரு மாதிரி ஊதாவாகும், வீட்டில் உட்கார்ந்து எத்தனை சரிசெய்தாலும் தேறாது.

விளக்கு வாங்கும்போது

ஒரு சாதாரண டைவ் டார்ச்சைக் கொண்டுபோய் வீடியோ எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். டார்ச் பொந்துக்குள் பார்க்கச் செய்தது, அதன் வெளிச்சம் ஒடுங்கி ஒரு கம்பி மாதிரி போகும், திரையில் நடுவில் வெள்ளை வட்டம், சுற்றிலும் இருட்டு. வீடியோவுக்கு வேண்டியது 100 முதல் 120 டிகிரி வரை சீராக விரியும் வெளிச்சம். ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் அகலமானது, ஹவுசிங்கின் (தண்ணீர் புகாத வெளிக்கூடு) தட்டைக் கண்ணாடிக்குள்ளிருந்து தண்ணீரைப் பார்க்கும்போது அதன் பார்வை கொஞ்சம் சுருங்கும் என்றாலும் இன்னும் அகலம்தான். கடையில் வெள்ளைச் சுவரில் ஒரு மீட்டர் தள்ளி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் கண்ணைக் கூசும் புள்ளி தெரிந்தால் வேறு விளக்கைப் பாருங்கள், எத்தனை லூமென் போட்டிருந்தாலும் சரி.

அடுத்து, நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவை சிஆர்ஐ என்று நூற்றுக்குக் கணக்கிட்டுப் போட்டிருப்பார்கள். 90க்கு மேலே இருந்தால் சந்தோஷம், 80க்குக் கீழே இருந்தால் பவளம் செத்த மாதிரி தெரியும். நிற வெப்பநிலை 5000 முதல் 5600 கெல்வின் வரை இருந்தால் பகல் வெளிச்சத்தோடு ஒத்துப்போகும். 6500, 7000 என்று போட்டவை வெளியே பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், தண்ணீரில் அந்த நீலம் யாருக்கு வேண்டும், ஏற்கனவே கடல் முழுக்க அதுதானே இருக்கிறது.

எத்தனை லூமென்? இரண்டு விளக்கு என்றால் ஒவ்வொன்றும் 2000 முதல் 2500 இருந்தால் இங்கே நாம் போகும் ஆழங்களுக்குப் போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 3000 பக்கம் போங்கள். ஆனால் கையில் ஒரே பெரிய விளக்குக்குக் காசு இருந்தால், அதில் இரண்டு சின்னது வாங்க முடியுமா என்று பாருங்கள் என்பேன். ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் மீனின் மறுபாதி இருட்டில் போய்விடும். தவிர, ஒன்று பாதியில் படுத்துவிட்டாலும் மற்றது இருக்கும்.

எரியும் நேரம் விஷயத்தில் நன்றாக ஏமாற்றுவார்கள். பெட்டியில் இரண்டு மணி நேரம் என்று இருக்கும், அது எந்த அளவில் என்று பொடி எழுத்தில் இருக்கும். முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும், ஏனென்றால் ஒரு டைவ் முக்கால் மணி நேரம், அதில் விளக்கு எரிவது கொஞ்ச நேரம்தான் என்றாலும் இரண்டாவது டைவுக்கு நடுவில் படகிலேயே காத்திருப்போம், அங்கே ஹவுசிங்கையோ விளக்கையோ திறந்து பேட்டரி மாற்றுவது உப்புத் தண்ணீருக்கு நாமே கதவு திறந்து விடுகிற மாதிரி. 18650, 21700 என்று வெளியே கிடைக்கும் பேட்டரி போடும் விளக்கு எனக்குப் பிடிக்கும். உள்ளேயே அடைத்து வைத்த பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்தால் விளக்கையே தூக்கிப் போட வேண்டியதுதான். முந்தின ராத்திரி மின்வெட்டு வந்து சார்ஜ் ஏறாமல் கிளம்பிய அனுபவம் இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை, அப்போது பையில் இருக்கும் இன்னொரு ஜோடி பேட்டரிதான் கைகொடுக்கும்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைக்க முடிய வேண்டும். குறைத்த அளவில் சில விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் படபடவென்று அணைந்து எரியும், அது வீடியோவில் கோடுகோடாக ஓடும், ஆகவே வாங்கிய அன்றே எல்லா அளவிலும் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள், திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போதே. பட்டனைப் பூட்டும் வசதி வேண்டும், பையில் தானாக எரிந்தால் சூடாகிவிடும். தண்ணீருக்கு வெளியே முழு வெளிச்சத்தில் ரொம்ப நேரம் எரிய விடாதீர்கள், அந்தச் சூட்டைக் கடத்தக் கடல் வேண்டும். இரவு டைவ் பழக்கம் இருந்தால் சிவப்பு வெளிச்சம் உள்ளதைப் பாருங்கள், பல உயிர்கள் அதற்கு அவ்வளவாக மிரளாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையைப் பார்த்துச் சந்தோஷப்படும் முன் சுங்க வரியையும் 15 சதவீத வாட் வரியையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேமராவுக்கு ஹவுசிங் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் ஒரே வரி: வேண்டும். கோப்ரோ ஹீரோ 12 வெறும் உடம்போடு 10 மீட்டர் தாங்கும், டிஜேஐ ஆக்‌ஷன் 4 என்றால் 18 மீட்டர், ஆக்‌ஷன் 5 புரோ 20 மீட்டர். ஷோலில் கதீட்ரல் குகையடி இருபத்தைந்து மீட்டரைத் தாண்டும். இந்த எல்லாக் கேமராக்களுக்கும் அவரவர் கம்பெனி ஹவுசிங் 60 மீட்டர் வரை கிடைக்கிறது. தொடுதிரை தண்ணீரில் வேலை செய்யாது என்பதால் எல்லா அமைப்பையும் கரையிலேயே முடித்துவிட வேண்டும்.

இப்போது பிடிக்கு வருவோம்

தலையில் மாட்டுவது, மாஸ்க்கில் மாட்டுவது, மார்பில் மாட்டுவது, மணிக்கட்டில் கட்டுவது என்று பெட்டியோடு நிறையச் சாமான் வரும். சைக்கிளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலையில் இருந்தால் ஒவ்வொரு முறை காற்றின் அளவு காட்டும் கேஜைக் குனிந்து பார்க்கும்போதும் படமும் குனியும், அதோடு எங்காவது சிக்கினால் மாஸ்க்கையும் இழுக்கும். மார்பில் மாட்டினால் நாம் படுத்த வாக்கில் நீந்துவதால் கேமரா மணலைத்தான் பார்க்கும், நாற்பது நிமிடம் மணல். செல்ஃபி கம்பி ஒன்றுக்கு மட்டும் பயன்படும்: உள்ளே கை நீட்ட முடியாத, நீட்டக் கூடாத இடத்துக்கு. மற்றபடி அதன் நுனியில் கேமரா ஆடிக்கொண்டே இருக்கும்.

வேண்டியது ஒரு அலுமினிய டிரே. ஒரு கைப்பிடியா இரண்டா என்றால், இரண்டு கையாலும் பிடித்தால் படம் ஆடாது என்பது சரிதான், ஆனால் அலிவாலில் அடியில் அலையின் இழுப்பு ஜாஸ்தி, ஒரு கை எப்போதும் தேவைப்படும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒற்றைக் கைப்பிடியை வலது பக்கம் வைத்து ஆரம்பிக்கலாம். பிசிடியில் (மிதப்பைச் சரிசெய்ய அணியும் காற்றுச் சட்டை) காற்று ஏற்றி இறக்கும் குழாய் இடது தோளில் இருக்கிறது, இடது கை அதற்குக் காலியாக இருக்க வேண்டும். இதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இடது கையில் பிடியை வைத்துக்கொண்டு மேலே ஏறும்போது குழாயைத் தேடித் தடவிய ஒரு தரம் போதும், அன்றே மாற்றிவிட்டேன். இரண்டு விளக்குக்குப் போகும்போது இரண்டாவது கைப்பிடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், துளைகள் உள்ள டிரேயாக வாங்கினால் பிற்பாடு சேர்க்க வழி இருக்கும்.

கேமரா டிரேயில் உட்காரும் இடம்தான் எல்லாவற்றிலும் பலவீனம். ஹவுசிங்குக்கு அடியில் மூன்று விரல் மாதிரி பிளாஸ்டிக் இருக்கும், அதற்கு ஒரு பிளாஸ்டிக் திருகு. கையால் எவ்வளவு இறுக்கினாலும் கேமரா கோயில் மாடு மாதிரி தலையாட்டும், நீங்கள் மீனை எடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பதிவானது உங்கள் துடுப்பு. அந்தத் திருகை மாற்றித் துருப்பிடிக்காத எஃகுத் திருகு போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். அதோடு கேமராவிலிருந்து டிரேக்கு ஒரு தனிக் கயிறு, மெல்லியதாக இருந்தாலும் கட்டிவிடுங்கள். விரல் உடைந்தால் டிரே உங்கள் கையில் இருக்கும், கேமரா கீழே போய்விடும். என் நண்பர் ஒருவருடையது இப்போது ஷோலுக்கும் கரைக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது, உள்ளே இருக்கும் கார்டில் அவர் மகள் பிறந்தநாளும் சேர்த்து.

ஆர்மில் இரண்டு வகை. ஒன்று கணுக்கணுவாகக் கோத்த பிளாஸ்டிக் வளைகுழாய், வேண்டியபடி வளைக்கலாம், விலை குறைவு, லேசான விளக்குக்குப் போதும். ஆனால் கனமான விளக்கு என்றால் படகில் தூக்கும்போதே துவண்டு தொங்கும், அடியில் அலை இழுக்க இழுக்க மெல்ல மெல்ல உள்ளே சாயும், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் விளக்கு லென்ஸின் முகத்துக்கு வந்திருக்கும். இன்னொன்று அலுமினியக் கம்பி, இரு நுனியிலும் 25 மில்லிமீட்டர் உருண்டை, உருண்டைகளைக் கவ்வும் கிளாம்ப். ஒவ்வொரு பக்கமும் பதினைந்து இருபது சென்டிமீட்டர் கம்பி இரண்டு, கிளாம்ப் மூன்று: டிரேயில் ஒன்று, நடு மூட்டில் ஒன்று, விளக்கில் ஒன்று. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று நம் கை மாதிரியேதான். இது விலை கூடுதல், இதில்தான் காசைப் போடச் சொல்கிறேன். விளக்கு பழசாகும், கேமரா மூன்று வருடத்தில் பழசாகும், இந்த உருண்டையும் கிளாம்ப்பும் அடுத்த கேமராவுக்கும் அதற்கடுத்ததற்கும் வரும். உருண்டை மேல் ரப்பர் வளையம் இருக்கும், அது பிடிமானத்துக்கு, அதற்குக் கிரீஸ் தடவிவிடாதீர்கள் (நான் தடவினேன், ஆர்ம் எண்ணெய் பூசிய வழுக்கு மரம் ஆகிவிட்டது).

எல்லாம் சேர்த்து மாட்டியபின் வீட்டுக் குளியல் தொட்டியிலோ நீச்சல் குளத்திலோ போட்டு எடை பாருங்கள். தண்ணீரில் விட்டால் மெதுவாக இறங்க வேண்டும், கல் மாதிரி விழவும் கூடாது, மேலே மிதந்து ஓடவும் கூடாது. ரொம்பக் கனமாக இருந்தால் அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும், ஆர்மில் நுரை மிதவை மாட்டலாம்.

விளக்கை எங்கே நிறுத்துவது

அக்கா கேட்ட மழைக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. தண்ணீரில் மணல், பாசித் துணுக்கு, மீன் கழிவு என்று எப்போதும் ஏதாவது மிதக்கும். கோடையில் மழை பெய்து ம்கொமாசி ஆறு கலங்கி வந்து கடலில் விழும் நாட்களில் கேட்கவே வேண்டாம். லென்ஸுக்கு நேர் முன்னால் உள்ள தண்ணீரில் விளக்கு அடித்தால், அந்தத் துணுக்குகள் மீனைவிட லென்ஸுக்குக் கிட்டே இருப்பதால் மீனைவிடப் பளிச்சென்று திருப்பி அடிக்கும். இதை பேக்ஸ்காட்டர் என்பார்கள். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டுக் கார் ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் உள்ள தண்ணீர் இருட்டாக இருக்க வேண்டும், மீன் மேல் மட்டும் வெளிச்சம் விழ வேண்டும். அதற்கு விளக்குகளை லென்ஸிலிருந்து இரு பக்கமும் நன்றாகத் தள்ளி, கேமராவுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, முகத்தை நேராகவோ கொஞ்சம் வெளிப்பக்கமாகவோ திருப்பி வையுங்கள். மீனைப் பார்த்து உள்பக்கமாகத் திருப்பத்தான் கை போகும். போக விடாதீர்கள். விரிந்த வெளிச்சத்தின் ஓரம் மட்டும் மீன் மேல் பட்டால் போதும், அதன் நடுப்பகுதி வேண்டாம். மீன் ஒரு மீட்டரில் இருந்தால் ஆர்மை நன்றாக விரியுங்கள், அரை மீட்டருக்கு வந்தால் இரண்டையும் கொஞ்சம் உள்ளே மடக்குங்கள், இல்லாவிட்டால் நடுவில் இருட்டுப் பள்ளம் விழும்.

வீட்டிலேயே பழகலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுச் சுவரிலிருந்து ஒரு மீட்டரில் கேமராவைப் பிடித்து, இரண்டு வெளிச்சமும் எங்கே ஒன்று சேர்கிறது, லென்ஸுக்கு முன்னால் எவ்வளவு தூரம் இருட்டாக இருக்கிறது என்று பாருங்கள், ஆர்ம் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போய், குழந்தையின் ரப்பர் நீச்சல் குளத்தில் அரைக் கப் பால் ஊற்றிக் கலக்கி அதில் பரிசோதனை செய்தேன். வீட்டில் விழுந்த திட்டு தனிக்கதை, ஆனால் விளக்கை ஒரு சாண் தள்ளியதும் வெண்மை எப்படி விலகுகிறது என்பதை அந்த ஒரு சாயங்காலம் காட்டிய அளவுக்குப் பத்து டைவ் காட்டவில்லை.

கேமரா அமைப்பு அதிகம் இல்லை. விளக்கோடு எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வின் பக்கம் நிறுத்துங்கள், ஆட்டோ ஒவ்வொரு நொடியும் மனசு மாறும். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) உச்ச அளவு 800 தாண்ட வேண்டாம். 4கே, 30 ஃபிரேம் போதும், வேகமாக ஓடும் உயிருக்கு 60, ஆனால் 60 போட்டால் வெளிச்சம் குறையும்.

படகு, அலை, ராகி

அலிவால் ஷோல் உம்கோமாஸ் ஊரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் வெளியே இருக்கிறது. 1849இல் அலிவால் என்ற கப்பலின் கேப்டன் இந்தப் பாறையைப் பற்றித் தகவல் கொடுத்ததால் இந்தப் பேர். அங்கே போக ஜெட்டி கிடையாது, ரப்பர் டக் என்கிற காற்றடைத்த படகில் ஆற்று முகத்திலிருந்து நேராக அலையைக் குத்திக்கொண்டு வெளியேற வேண்டும். கால் இரண்டும் பட்டைக்குள், கை இரண்டும் கயிற்றில். தூத்துக்குடியில் வள்ளத்தில் ஏறி வளர்ந்தவன்தான் நான், முதல் தடவை எனக்கே வயிறு தொண்டைக்கு வந்தது. கேமராவைக் கையில் வைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை.

இதனால்தான் பிடியைப் பற்றி இவ்வளவு நச்சரிக்கிறேன். ஆர்மை மடக்கி, கிளாம்ப்பை எல்லாம் இறுக்கி, லென்ஸில் ஒரு பழைய சாக்ஸைப் போட்டு, துண்டில் சுற்றிக் கூலர் பாக்ஸில் வையுங்கள். பெட்டியைப் படகில் கட்டினீர்களா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள். கேமரா வெயிலில் காயக் கூடாது: சூடான ஈரக்காற்று ஹவுசிங்குக்குள் அடைபட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே ஆவி படியும். ஹவுசிங்கை வீட்டில் காய்ந்த காற்றில் மூடிவிட்டு, ஈரம் உறிஞ்சும் பட்டையை உள்ளே ஒன்று செருகிக் கொண்டுவாருங்கள்.

தண்ணீரில் குதிக்கும்போது கையில் எதுவும் வேண்டாம். பின்பக்கமாகச் சரிந்து இறங்கி, ஓகே காட்டியபின், படகோட்டி எடுத்துத் தருவார். வாங்கியதும் முதல் வேலை, சுருள் கயிற்றின் கொக்கியை பிசிடியின் வலது மார்பு வளையத்தில் மாட்டுவது. மேலே வந்ததும் பெல்ட், டாங்க் எல்லாவற்றுக்கும் முன்னால் கேமராவைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். டைவிங்கே இன்னும் கைவராதவர்கள், தண்ணீரில் ஒரே மட்டத்தில் நிற்கத் தெரியாதவர்கள், கொஞ்ச நாள் கேமரா இல்லாமல் போய்வாருங்கள். பவளத்தை மிதித்துக்கொண்டு எடுத்த படம் எதற்கு?

ஜூன் முதல் நவம்பர் வரை இங்கே ராகி வரும். கூழ் காய்ச்சும் ராகி இல்லை, பல் துருத்திய ராகெட் டூத் (ragged-tooth) சுறாவுக்கு ஊர்ச் செல்லப்பேர் அது, முதல்முறை கேட்டபோது நானும் சிரித்துவிட்டேன். கதீட்ரலிலும் பக்கத்துக் குகைகளிலும் பகலில் மெதுவாக வட்டமடித்துக்கொண்டிருக்கும், பார்க்கப் பயங்கரம், குணம் சாது. அவை இருக்கும்போது குகைக்குள் நுழையாதீர்கள், வாசலை அடைத்து நிற்காதீர்கள், ஓரமாய்த் தரையோடு ஒட்டி இருங்கள். விளக்கை மிகக் குறைந்த அளவில் வைத்து, கண்ணில் நேராக அடிக்காமல், அது தானாகக் கிட்டே வரும் வரை காத்திருங்கள். வரும். ஒரு மீட்டருக்கு வரும்போது அந்தச் செம்பழுப்புப் புள்ளிகள் விளக்கில் நிறம் பெறுவது வேறு எந்த வழியிலும் கிடைக்காத காட்சி. தூரத்தில் இருக்கும்போதே முழு வெளிச்சம் அடித்தால் சுறாவும் விலகிப் போகும், படத்திலும் தூசிதான் இருக்கும்.

கழுவுவதும் காப்பதும்

ஓ-ரிங்கை (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஒவ்வொரு முறை மூடும் முன்னும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு மணல் போதும் தண்ணீர் உள்ளே வர. கிரீஸ் பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும், அதுவும் அந்தக் கம்பெனி சொல்லும் கிரீஸ்தான், ஏனென்றால் சிலிக்கான் கிரீஸ் பட்டால் சிலிக்கான் வளையம் ஊதிவிடும். சில ஹவுசிங் வளையங்களுக்குக் கிரீஸே தேவையில்லை, கையேட்டைப் பாருங்கள். புது ஹவுசிங்கைக் கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு டைவ் கொண்டுபோய் வாருங்கள், பேப்பர் நனைந்திருந்தால் நஷ்டம் பேப்பரோடு போகும்.

கரைக்கு வந்ததும் மொத்தத்தையும் மூடியபடியே நல்ல தண்ணீரில் அரை மணி ஊறப் போட்டு, பட்டன்களை அழுத்தி அழுத்தி உப்பை வெளியேற்றுங்கள். டைவ் கடையின் பொதுத் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மேலே யாராவது வெயிட் பெல்ட்டைப் போடுவார்கள். கிளாம்ப்களைத் தளர்த்திக் கழுவுங்கள், எஃகுத் திருகும் அலுமினியமும் உப்போடு சேர்ந்து சும்மா இருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தலைமுடியைத் துவட்டிக் கையைக் காயவைத்த பிறகுதான் ஹவுசிங்கைத் திறக்க வேண்டும், அதுவும் முகம் கீழே பார்க்க, ஓரத்தில் தங்கிய சொட்டு கேமரா மேல் விழாமல்.

ஜோஹன்னஸ்பர்கிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், விளக்கிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில். ஒரு 21700 பேட்டரி 5000 மில்லியாம்ப் மணி என்றால் 18 வாட் மணிதான், 100 வாட் மணி வரம்புக்கு ரொம்பக் கீழே. பாதுகாப்புச் சோதனையில் அலுமினிய ஆர்மைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்பார்கள், ஆகவே ஆர்மையும் டிரேயையும் பெரிய பையிலேயே போட்டுவிடுங்கள்.